நாய்க்குட்டிக்காக நான் சொன்ன ‘சரி’

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் என்ன பேசுகிறோம்? முட்டிவலி, சர்க்கரை, மருமகள். அதற்குப் பிறகு சின்ன வயசு. அந்தப் பேச்சு வந்தால் எல்லோருமே கள்ளங்கபடம் தெரியாத பிள்ளைகளாகத்தான் இருந்திருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். நான் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. பத்து வயசில் ஒரு நாய்க்குட்டிக்காக நான் செய்த காரியத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. இந்த நாலு வரிக்குள் இரண்டு தடவை எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பு அணைந்துதான் இருக்கிறது.

வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வரிசையாக ஆறு வீடு, கடைசி வீடு எங்களுடையது. ஓர் அறை, ஓர் அடுப்படி, தகரக் கூரை. மழைக்காலத்தில் அந்தத் தகரத்தின் அடியில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அம்மா பகலில் காய் எடுக்கப் போவாள். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் கடை இல்லை. பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடம். காய் எடுப்புத் தொடங்கிவிட்டால், சாயங்காலம் மூட்டிய அடுப்புக்கு விடியும்வரை விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் அம்மா வேலை விட்டு வரும்போது அப்பா ஸ்டோருக்குப் போயிருப்பார். அப்பா காலையில் வரும்போது அம்மா காட்டுக்குப் போயிருப்பாள். இருவருக்கும் நடுவில் ஓடுவது நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா பொங்கிக் கொடுக்கும் சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, அட்டை ஏறும் பாதையில் குதித்துக் குதித்து ஸ்டோருக்குப் போய்க் கொடுத்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். இருபது நிமிஷ நடை.

அந்த வருஷம் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. காரணம் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கும், நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். கம்பத்தில் இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தன் மகள் சடங்குக்கு நேரில் வந்து அழைக்கவில்லை. மலைக்கு மேலே வருகிற ஜீப்புக்காரரிடம் சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“வெத்தல பாக்கு வச்சு அழைக்க வேண்டியது, ஜீப்புக்காரன்கிட்ட சொல்லிவிட்டா அதுக்குப் பேரு அழைப்பா? நாம என்ன மூட்டையா, ஏத்திவிடச் சொல்றதுக்கு?”

“எந் தம்பி புள்ளைக்கு நான்தான் அத்த. நான் போயி தண்ணி ஊத்தாம யாரு ஊத்துறது?” என்றாள் அம்மா.

“போனா அப்படியே போயிரு” என்றார் அப்பா. அம்மா போகவில்லை. சடங்கில் வேறு யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை பகலில் மூன்று பேரும் ஒரே அறையில் இருப்போம். “ஒங்கப்பாவச் சாப்புட வரச்சொல்லு” என்பாள் அம்மா. அப்பா இரண்டு முழ தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். “அப்பா, ஒங்களச் சாப்புட வரச்சொன்னாங்க” என்பேன். “பொறவு வாரேன்னு சொல்லு” என்பார். மூன்றாம் மனுசர் மூலம் வந்த அழைப்புக்காகச் சண்டை போட்ட மனுசர், கட்டின மனைவிக்கு எல்லாவற்றையும் என் மூலமே சொல்லி அனுப்பினார். இது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவருக்கும்தான்.

அந்த மௌனம் இருக்கிறதே, அது என்னைப் பாடாய்ப் படுத்தியது. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. வீட்டுக்குள் வந்தால் சட்டி பானை வைக்கிற சத்தம் மட்டும். ஓர் இடத்தில் உட்கார முடியாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். அந்தச் சமயத்தில்தான் ஸ்டோருக்குப் போகிற முக்கில் டீக்கடை வைத்திருந்த மலையாளத்துச் சேச்சியின் நாய் குட்டி போட்டது. நாலு குட்டி. மூன்று கறுப்பு, ஒன்று செம்மண் நிறம். செம்மண் குட்டிக்கு ஒரு காது மட்டும் மடங்காமல் நின்றது. அது என் பாவாடை நுனியைக் கவ்விக்கொண்டு உறுமியது பாருங்கள், உள்ளங்கை அளவு உடம்பு, அதற்குள் அத்தனை சத்தம்! இந்தச் சத்தம் எங்கள் வீட்டில் கேட்டால் போதும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது. அன்று சோறு ஆறிப்போய்த்தான் அப்பாவுக்குப் போனது.

சேச்சியிடம் கேட்டேன். அவர் சும்மா தூக்கிக் கொடுத்துவிடுகிற ஆள் இல்லை.

“மோளே, போன தடவ ரெண்டு குட்டி கொடுத்து ஏமாந்து போயி. வீட்டில சம்மதிக்கல்லான்னு ரோட்டில விட்டுட்டுப் போயி. உன்றெ அச்சனும் அம்மையும், ரெண்டாளும் சரின்னா மாத்ரம் தரும்.”

இரண்டு பேரும் சரி சொல்ல வேண்டும். பேசிக்கொள்ளவே பேசாத இரண்டு பேர்.

முதலில் அம்மா. அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். “நாயா? அதுக்குச் சோறு யாரு வடிக்கிறது? பீய யாரு அள்ளுறது? ஒனக்குத் தலை சீவிவிடவே எனக்கு நேரமில்ல” என்று ஒரு பாட்டம் பாடிவிட்டு, புகைக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டாள்: “ஒங்கப்பா என்ன சொன்னாரு?”

அப்பாவிடம் போனேன். “நம்ம வீட்டுல மனுசரே வாயத் தொறக்கக் காணோம், நாய் வந்து கொலைக்கணுமாக்கும்!” என்றார். விறகை உள்ளே தள்ளினார். நான் நகரவில்லை. “ஒங்கம்மா என்ன சொன்னா?” என்றார்.

இப்படியே ஒரு வாரம். நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அம்மா என் பங்கு மீனைப் பக்கத்து வீட்டு அத்தைக்குக் கொடுத்துவிட்டாள். அது எனக்குப் பிடித்த நெத்திலி. பாத்திரம் எல்லாம் கழுவி வைத்தேன். ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்து முதுகில் இரண்டு விழுந்தது. காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தேன். கசாயம் குடித்ததுதான் மிச்சம். இதற்குள் சேச்சி வீட்டில் ஒரு கறுப்புக்குட்டி போய்விட்டது. மறுநாள் இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கரும்பலகையில் என்ன எழுதினாலும் எனக்கு ஒற்றைக் காது நிற்கிற குட்டிதான் தெரிந்தது.

பிறகு ஒரு நாள், பாதையில் நடந்துகொண்டிருக்கும்போதே எனக்கு அந்த யோசனை வந்தது. இவள் சொன்னதை அவரிடம் சொல்வதும் அவர் சொன்னதை இவளிடம் சொல்வதும் நான்தானே. நான் மாற்றிச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது?

தூக்குவாளியை வைத்துவிட்டுச் சொன்னேன்: “அப்பா, நாய்க்குட்டிக்கு அம்மா சரின்னுட்டாங்க. ஒங்களுக்கு இஷ்டம்னா தனக்கும் இஷ்டமாம்.”

அப்பாவின் கை விறகோடு நின்றது. “அப்படியா சொன்னா? எனக்கு இஷ்டம்னான்னு?”

“ஆமா.”

அடுப்பு வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். ரொம்ப நாளாக நான் பார்க்காத முகம் அது. “சரி, அவ சொன்னா சரிதான்” என்றார். கங்கில் சுட்டு வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, “ஒங்கம்மாட்ட குடு” என்றார். எதுவும் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் சுற்றுகிற கை நிதானமாகச் சுற்றியது.

வீட்டுக்கு ஓடினேன். “அம்மா, அப்பா சரின்னுட்டாரு. நீ சொன்னாத்தானாம். கெழங்கு குடுத்துவிட்டாரு.” அம்மா கிழங்கை வாங்கிக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தாள். “நான் சொன்னாத்தானாமா?” என்று இரண்டு தடவை கேட்டாள். “அப்ப வளத்துக்க. ஞாயித்துக்கெழமை ஒங்கப்பாவோட போயி எடுத்துட்டு வா” என்றாள். மறுநாள் தூக்குவாளி மூடிக்குள் இரண்டு துண்டு கருவாடு கூடுதலாக இருந்தது.

காரியம் முடிந்ததா, அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு ருசி கண்டுவிட்டது. ஒரு பொய்க்கு அப்பா சிரிக்கிறார், ஒரு பொய்க்கு அம்மா பாட்டு முணுமுணுக்கிறாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் இஷ்டத்துக்கு அள்ளி விட்டேன். “அம்மா கேட்டாங்க, ஒங்களுக்கு இருமல் எப்படி இருக்குன்னு.” அம்மா கேட்கவில்லை. “அப்பா சொன்னாரு, மழையில ரொம்ப நேரம் நிக்காதன்னு.” அப்பா சொல்லவில்லை. ஆனால் அம்மா அன்று தலையில் பூ வைத்திருந்தாள். லயத்து வேலியில் பூக்கிற கனகாம்பரம்தான். நான் பெரிய மனுஷி ஆகிவிட்டதாக எனக்கு நினைப்பு. என் வாயில் மண்ணைப் போட.

வியாழக்கிழமை சாயங்காலம். மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. அம்மா தூக்குவாளியை என் கையில் கொடுத்துவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“இந்தா, இன்னைக்கு நல்லாக் கேட்டு வந்து சொல்லணும். நாளைக்கு மொத ஜீப்புல நான் தம்பி வீட்டுக்குப் போறேன்னு சொல்லு. சடங்குக்குத்தான் போகல, அந்தப் புள்ள மூஞ்சியவாச்சும் பாத்துட்டு வாரேன். ஒங்கப்பா வேணாம்னா வேணாம்னு சொல்லச் சொல்லு. ஒத்த வார்த்த. அவரு போகாதேன்னா நான் போகல.”

அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. போவதற்காகக் கேட்கவில்லை அவள். அந்த ஒற்றை வார்த்தைக்காகக் கேட்டாள். மூன்று நாளாக நான் கொண்டுவந்து கொட்டிய பொய்யை நம்பி, இந்த மனுசர் போகாதே என்று சொல்லிவிடுவார் என்ற தைரியத்தில் கேட்டாள். பத்து வயசுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? “சரி சரி” என்று கையை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

முக்கில் சேச்சி கடை வாசலில் ஜீப் நின்றது. ஜீப்புக்காரர் செம்மண் குட்டியைக் கையில் தூக்கி வைத்திருந்தார்.

“சேச்சி! அது எனக்கு!”

“நீ ஞாயிறாழ்ச்சைன்னு பறஞ்சு. இவரு இப்ப கொண்டுபோகும்ங்கிறார். உனக்கு வேணும்னா இப்பத்தன்னெ எடுக்கணும். ரெண்டாளும் சம்மதிச்சோ?”

“ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க சேச்சி. சத்தியமா.”

ஜீப்புக்காரர் சிரித்துக்கொண்டே குட்டியை என் கையில் கொடுத்தார். நனைந்து நடுங்கியது. சட்டைக்குள் விட்டுக்கொண்டேன், நகம் நெஞ்சில் கீறியது. அதன் இருதயம் என் இருதயத்தைவிட வேகமாக அடித்தது. இனி ஸ்டோருக்கு எப்படிப் போவது? ஸ்டோர்ப் பக்கம் நாய் வரக் கூடாது, காயில் ரோமம் விழுந்தால் மேஸ்திரி கத்துவார். போதாததற்கு, ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னதை மீறி எடுத்துவிட்டேன் என்று அப்பா திட்டுவார். யோசித்துக்கொண்டே நிற்கையில் ஸ்டோருக்கு விறகு சுமக்கிறவர் அந்தப் பக்கம் வந்தார். “அண்ணே, இத அப்பாட்ட குடுத்துருங்க” என்று தூக்குவாளியை அவரிடம் நீட்டிவிட்டேன். அம்மா சொன்னதை அவரிடம் எப்படிச் சொல்லிவிடுவது? மூன்றாம் மனுசரிடம் சொல்லிவிட்டதற்காகத்தானே வீட்டில் இத்தனை சண்டையும். நான் சொல்லவில்லை. திரும்பி ஓடினேன்.

அம்மா வாசலிலேயே நின்றாள். “அதுக்குள்ள வந்துட்டியா? என்ன சொன்னாரு?”

பழகிப்போன வாய். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“சரின்னுட்டாரு.”

“போறதுக்கா?”

“ஆமா. நாய்க்கும் சரின்னுட்டாரு. இன்னைக்கே எடுத்துக்கன்னு சொன்னாரு.” சட்டைக்குள்ளிருந்து குட்டியை எடுத்துக் காட்டினேன்.

“வேற ஒண்ணும் சொல்லலியா?”

“இல்ல.”

அம்மா குட்டியைப் பார்த்தாள். “நாய்க்கும் சரி, எனக்கும் சரி. ஒரே மூச்சுல முடிச்சுட்டாராக்கும்” என்றாள். கஞ்சித்தண்ணியில் சோற்றைப் பிசைந்து குட்டிக்கு வைத்தாள். என் பள்ளிக்கூடப் பாவாடையை மடித்து வைத்தாள். “நீயும் வாறியா?” என்றாள். குட்டியை விட்டுவிட்டு நான் எப்படி வருவது? வரவில்லை என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்து மாடக்குழியில் வைத்தாள்.

காலையில் என்னைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் ஒப்படைத்துவிட்டு முதல் ஜீப்பில் போய்விட்டாள். அப்பா ஸ்டோரிலிருந்து வந்து பார்த்தார். அம்மாவின் பெட்டி இல்லை. அத்தையிடம் விசாரித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“சொல்லிட்டுப் போனாளா?”

நான் குட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“எங்கிட்ட ஏதாச்சும் சொல்லச் சொன்னாளா? கேக்குறேன்ல.”

சொல்லியிருக்கலாம். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம், அடுத்த ஜீப்பைப் பிடித்துக் கம்பத்துக்குப் போயிருப்பார். ஆனால் சொன்னால் எல்லாப் பொய்யும் வெளியே வரும், குட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. குட்டி அவர் கால் பெருவிரலைக் கடித்து விளையாடியது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வாரத்தில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவரே போகச் சொன்ன பிறகு அவர் கூப்பிடாமல் வருவதா என்று அவள் அங்கே இருந்தாள். சொல்லாமல் போனவளை நான் போய்க் கூப்பிடுவதா என்று இவர் இங்கே இருந்தார். காய் எடுப்பு முடிந்தது, பனி வந்தது, பொங்கல் போனது. நான் ஆசைப்பட்டு வாங்கிய நாய் என்னை விட்டுவிட்டு அப்பாவோடு ஒட்டிக்கொண்டது. ஸ்டோர் எல்லைவரை அவர் பின்னால் போய், வேலிக்கு வெளியே காத்துக்கிடந்து, காலையில் அவரோடு திரும்பும். அவர் அதனிடம் பேசுவார். சட்டி கழுவிக்கொண்டே கேட்பேன். “கால்ல முள்ளு குத்தியிருக்கா? காட்டு பாப்போம்” என்பார். என்னிடம்கூட அவ்வளவு பேசியதில்லை. வீட்டில் குரைப்பும் பேச்சும் வந்துவிட்டது, நான் கேட்டபடியே. என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போவேன், வருவேன், மறுபடியும் போவேன்.

மாசி மாதம் மாமாவும் நாலு பெரியவர்களும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மாமா இந்தத் தடவை வெற்றிலை பாக்கோடு வந்தார். எல்லோரும் ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். யார் சரி, யார் தப்பு, யார் முதலில் இறங்கி வருவது என்று எல்லாவற்றையும் அலசினார்கள். என்னைக் கூப்பிட்டு ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. பெரியவர்களின் புத்தி அவ்வளவுதான். வெளியே விளையாடப் போ என்று துரத்தினார்கள், போனேன்.

அதன் பிறகு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சேர்ந்துதான் இருந்தார்கள். சண்டை கிடையாது. சாப்பிட வாங்க, மருந்து குடிங்க, மழை வருது, துணிய எடு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்பா அம்மாவை எந்த ஊருக்கும் போகாதே என்று சொன்னதில்லை, போ என்றும் சொன்னதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. அப்பா போய்ச் சேர்ந்து பதினொரு வருஷம் ஆகிறது.

அம்மா இப்போது கம்பத்தில் என்னோடுதான் இருக்கிறாள். எண்பத்துநாலு வயசு, காது மட்டும் கொஞ்சம் மந்தம். போன மாதம் ஒரு மத்தியானம் அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் யாரோ புருஷன் பெண்டாட்டி சண்டை. அதைக் கேட்டுவிட்டு அம்மா தானாகச் சொன்னாள்: “ஒங்கப்பா நல்ல மனுசர்தான். ஆனா அன்னைக்கு அவ்வளவு லேசா சரின்னுட்டாரே, அது மட்டும் எனக்கு இன்னும் ஆறல.”

நகவெட்டியைக் கீழே வைத்தேன். இனிமேல் முடியாது என்று தோன்றியது. குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காதில் விழவில்லை என்றாள். சத்தமாக மறுபடியும் சொன்னேன்.

“அப்ப நீ ஸ்டோருக்கே போகல.”

“போகலம்மா.”

“அவருகிட்டக் கேக்கவே இல்ல.”

“இல்ல.”

“சரின்னு அவரு சொல்லவே இல்ல.”

“சொல்லலம்மா. நான்தான் சொன்னேன்.”

அடிப்பாள் என்று நினைத்தேன். இந்த வயசிலும் கன்னத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா சிரித்தாள். முகமெல்லாம் விரிந்து, வெட்கப்பட்டுச் சிரித்தாள். “சொல்லலியாமே, அவரு சொல்லலியாமே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே கோணியது.

“எங்கிட்டச் சொன்னது இருக்கட்டும். அவரு இருக்கும்போது அவருகிட்டச் சொல்லியிருக்கக் கூடாதாடி? நான் கேட்டுட்டுத்தான் போனேன்னு அந்த மனுசருக்குத் தெரியாமலே போயிருச்சே.”